கூறு போட்ட சிவப்பு மாத்திரை

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண் நந்தினி. கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், பெயர் வேண்டாம், அதன் மருந்துக் கவுன்டரில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன் செய்தால் முதலில் என் முழங்காலை விசாரிப்பாள். பிறகு தன் தலைவலியைச் சொல்வாள். சென்ற வாரத் தலைவலி ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் வைட்டமின் டப்பாவைத் தூக்கிக் காட்டி, சர்க்கரைக்கு இது போதும், ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்கிறாராம். அதைப் பார்த்துவிட்டு பெரக்கரை நாட்டு (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) விவசாயி ஒருவர், அந்த மாதத்து மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமலே கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, "இனிமே இது வேண்டாமுங்க, வேற யாருக்காச்சும் குடுங்க" என்றிருக்கிறார்.

"உங்க காலத்துல இப்படி யாராச்சும் வந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"கத்துவேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கவுன்டரில் நான் போட்ட சத்தம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும் என்று டீக்கடைக்காரர் சொல்வார். ஆனால் சத்துமாத்திரை விஷயத்தில் மட்டும் கத்தி ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியவந்த கதை ஒன்று உண்டு. வெள்ளையன் என்று மிளகு பறிக்கிற மனிதரின் கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நந்தினி, "மேடம், எழுதிக் குடுத்துருங்க. போன்ல கேட்டா மறந்துரும்" என்றாள். சரி, எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே, புளியஞ்சோலைப் பக்கம். மருந்தாளுநர் படிப்பைப் பற்றிச் சொல்ல, பாஸ் ஆனேன் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. சமவெளியில் சில ஊர்களில் வேலை பார்த்தேன். மலைக்கு மாற்றல் வந்தபோது உடன் வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிப்பது போல் விசாரித்தார்கள். முதல் நாள் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டேதான் மேலே போனேன். எப்படியாவது கீழே இறங்கிவிட வேண்டும் என்று மனு எழுதிப் பையில் வைத்திருந்தேன். அதைக் கொடுக்கவே இல்லை. குளிர் பிடித்துப்போனது, பலாப்பழம் பிடித்துப்போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று சொல்கிற அந்த மக்களைப் பிடித்துப்போனது.

நான் போன புதிதில் காய்ச்சல், சிரங்கு, பூச்சிக்கடி, பாம்புக்கடி இவைதான் கூட்டம். சர்க்கரை மாத்திரை அலமாரியில் கிடந்து, வாங்க ஆள் இல்லாமல் காலாவதி ஆகும். பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். களியும் சாமையும் இருந்த இடத்துக்கு அரிசி வந்தது. நடந்த இடத்துக்கெல்லாம் வண்டி வந்தது. டீக்கடையில் நாளுக்கு எத்தனை டீ என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இதைப் பிரசங்கமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, பேக்கரி பன் இல்லாமல் எனக்கும் சாயங்காலம் போகாது. சர்க்கரைக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினார்கள். சில வருஷங்களில் அந்த நாளில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

மாத்திரை கொடுப்பது எளிது. கொடுத்த மாத்திரை வாய்க்குள் போவதுதான் பெரிய பாடு. "புரிஞ்சுதா?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வாழவந்தி நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு ஒரு மாதத்து மாத்திரை கொடுத்தால் மூன்று மாதம் வந்தது. எப்படி என்று விசாரித்தால், கல்யாணம் காட்சிக்குப் போய்ப் பாயசம் குடிக்கிற அன்று மட்டும் போட்டுக்கொள்கிறாராம். "சக்கரை திங்காத அன்னிக்குச் சக்கரை மாத்திரை எதுக்குங்க?" என்று என்னையே கேட்டார். அதிலிருந்து, மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன், எப்போது, எதற்கு முன், எதற்குப் பின் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். சரியாகச் சொன்னால்தான் ஜன்னல் வழியாக மாத்திரை வெளியே போகும். மாத்திரையம்மா என்று எனக்குப் பேர் வந்தது இப்படித்தான்.

இப்போது டாக்டர் தமயந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான உருவம். வருஷம் முழுக்க ஒரே நீல ஸ்வெட்டர். குரல் மிகவும் மெல்லிசு, எதிரில் இருப்பவர் முன்னால் குனிந்தால்தான் காதில் விழும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் பார்த்தேன், குனிந்து கேட்டவர்கள் சொன்னதை மறப்பதில்லை. நோயாளி வாசலில் நுழைந்து நாற்காலிக்கு வரும் வரை அவர் எதுவும் பேசமாட்டார், நடையையே பார்த்துக்கொண்டிருப்பார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் ஓரத்தில் துடைப்பார், அவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டதே இல்லை. "மாத்திரை எப்படிச் சாப்பிட்டீங்க?" என்பார். அந்த ஒரு "எப்படி"யில் பாதி ரகசியம் தானாக வெளியே வந்துவிடும்.

சர்க்கரைக்காரர்களின் கால்களை அவர் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லி, விரலிடுக்கு உட்படத் துணியால் ஒற்றி, தான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். வயதானவர்கள் பதறிப்போய்க் காலை இழுப்பார்கள்.

"டாக்டரம்மா, நீங்க போயிக் காலைத் தொடறதாவதுங்க? பாவமுங்க."

"பாவம் எனக்கு வரட்டும். நீங்க காலை நீட்டுங்க."

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொடுவார். தொட்டது எந்த விரல் என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைப்பார். இப்போது மேலேயா கீழேயா என்று சொல்ல வேண்டும். இரும்புக் கவை ஒன்றை மேசையில் தட்டி, அது அதிரும்போதே கணுக்கால் எலும்பில் வைப்பார். அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்ல வேண்டும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் இதில் ஒன்றையும் விடமாட்டார்.

என்னை ஒரே ஒரு முறைதான் கண்டித்தார், அதையும் கண்டிப்பு என்று சொல்ல முடியாது. "சரோஜாம்மா, நீங்க அக்கறையிலதான் கத்துறீங்க, எனக்குத் தெரியும். ஆனா கத்தினதுக்கு அப்புறம் அவங்க உங்ககிட்ட நிஜத்தைச் சொல்ல மாட்டாங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளையன் எங்களிடம் பல வருஷமாகச் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, கண்ணில் எப்போதும் ஒரு குறும்பு. மாத்திரை விஷயத்தில் நான் கத்தவே தேவையில்லாத ஓரிருவரில் ஒருவர். அன்று சர்க்கரை நாள். தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்த எங்கள் துப்புரவுப் பணியாளர் முனியம்மா, "யாருக்குங்க காலுல ரத்தம்?" என்று கேட்டாள். பார்த்தால், வாசலிலிருந்து என் ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து பெஞ்சுக்கும் ஈரத்தரையில் சிவப்பாகக் குதிகால் தடம். எல்லோரும் அவரவர் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். வெள்ளையன் எழுந்து, அம்மாக்களோடு வந்திருந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, "காலைக் காட்டு சாமி. வலிக்குதா கண்ணு?" என்று தேடினார். அவர் தேடத் தேடத் தடம் கூடிக்கொண்டே போனது.

சத்தம் கேட்டு வந்த டாக்டர் ஆட்களைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். பிறகு வெள்ளையனின் தோளைத் தொட்டு, "அண்ணே, நீங்க உக்காருங்க" என்றார்.

குதிகாலில் மூங்கில் சிலாம்பு ஒன்று விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது, அப்படியானால் அது அன்று ஏறியதல்ல. டாக்டர் அதைப் பிடுங்கித் தட்டில் போட்டபோது வெள்ளையன் அடுத்தவர் காலைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

"இது எப்பங்க ஏறுச்சு?" என்று எங்களைக் கேட்டார்.



கட்டுப் போட்டபின் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு தொட்டது தெரியவில்லை. கட்டைவிரல் மேலே போனபோது கீழே என்றார். பாதங்களைச் சேர்த்துவைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னதும் ஒரு பக்கமாகச் சாய, டாக்டர் தாங்கிப் பிடித்தார். உடன் வந்திருந்த அவர் மனைவி பாப்பாத்தி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இருட்டுனா இப்படித்தானுங்க தள்ளாடறாரு. ஊருக்குள்ள, குடிக்கப் பழகிட்டாருன்னு பேசறாங்க. ஒரு சொட்டு தொடமாட்டாருங்க."

"சும்மா இரு" என்றார் வெள்ளையன். அவர் பயந்தது ஊர்ப்பேச்சுக்கு அல்ல. "தை பொறந்தா மொளகுங்க. நாந்தான் ஏறோணும்."

அந்த மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும். மரமோ நெட்டுக்குத்தாக உயரும். ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கணுவில் முளைத்த கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தக் கட்டையில் கால் கட்டைவிரலை ஊன்றி ஏற வேண்டும். வெள்ளையனோடு பிறந்தவர்கள் மூன்று தம்பிகள், நான்கு வீடும் ஒரே வாசல். தம்பிகள் பாதி மரம் ஏறுவார்கள். உச்சிக்கு ஏறிப் பறிப்பது அண்ணன்தான். அந்த வாசலின் வருஷச் செலவு முழுக்க அந்த மிளகை நம்பித்தான் இருந்தது.

"கால்ல உணர்ச்சி இல்லாம எப்படி ஏறுவீங்க?" என்றார் டாக்டர்.

"கண்ணால பாத்து ஏறுவனுங்க."

"இறங்கும்போது?"

வெள்ளையன் குதிகால் கட்டைத் தடவிப் பார்த்தார். "ஏறாம கீழ நிக்கறதுக்கு நான் எதுக்குங்க?" என்றார்.

சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்தால், சர்க்கரைதான் காரணம் என்று முடித்துவிடுவது வழக்கம். டாக்டர் முடிக்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று, வெந்தது போல் சிவந்திருந்தது. வெள்ளையனின் சர்க்கரை அளவு அவ்வளவு மோசமாக இருந்ததே இல்லை. "இவரு எத்தனை வருஷமா மெட்பார்மின் சாப்பிடுறாரு?" என்று என்னைக் கேட்டார். மலையில் சர்க்கரைக்கு முதலில் வந்த சிலரில் இவரும் ஒருவர், அப்போதிருந்தே என்றேன். அவர் தலையசைத்தார். சர்க்கரையை அடக்குகிற நல்ல மாத்திரைதான் அது, ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடும்போது சிலருக்கு பி12 என்கிற வைட்டமினை உடம்பில் சேரவிடாது என்றும், அது குறைந்தால் நரம்பு கெடும், கால் மரக்கும், தள்ளாடும் என்றும் மெல்லிய குரலில் சொன்னார். வெள்ளையனும் பாப்பாத்தியும் நானும் குனிந்து கேட்டோம். ரத்தத்தை நாமக்கல்லுக்கு அனுப்பினோம். பி12 அடிமட்டத்தில் இருப்பதாக முடிவு வந்தது.

"ஊசி போட்டா சீக்கிரம் ஏறும். மொதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள் வரணும்" என்றார் டாக்டர்.

வெள்ளையன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பஸ்ஸைப் பிடித்து வந்து போனால் ஒரு நாள் வேலை போச்சு, குச்சிக்கிழங்கு பிடுங்க வேண்டும், ஆட்டைப் பார்க்க வேண்டும். மாத்திரை என்றால் எத்தனை கொடுத்தாலும் விழுங்குகிறேன் என்றார். மாத்திரையிலும் ஏறும், ஆனால் ஒருநாள்கூட விடக்கூடாது என்று சொல்லி டாக்டர் சம்மதித்தார். சர்க்கரை மாத்திரை அப்படியே தொடர வேண்டும், இது அதோடு கூட. சிவப்பாகச் சின்ன மாத்திரை. நான் வழக்கம்போல அவர் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் கொடுத்தேன். பிசகில்லாமல் சொன்னார். எப்போதும் செருப்புப் போட வேண்டும் என்று சொல்லி, மெத்தென்ற செருப்பும் வாங்க வைத்தோம்.

புண் ஆறியது. கால் அப்படியே இருந்தது. மாதங்கள் போயின. ஒவ்வொரு முறையும் கால் டாக்டரின் மடியில் இருக்கும், பஞ்சு தொடும், வெள்ளையன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார், தொட்டதே தெரியாது. "மாத்திரை எப்படிச் சாப்பிட்டீங்க?" என்றால், "நீங்க குடுத்தது எனக்கு வந்ததை ஒருநாளும் விடலீங்க" என்பார். அதில் "எனக்கு வந்ததை" என்ற சொல் இருந்தது யார் காதிலும் விழவில்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் வேறு ஏதோ நோய் இருக்கிறதோ, நரம்பு மீள முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டதோ என்று டாக்டர் கவலைப்பட ஆரம்பித்தார். ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். யார்மேல் கோபம் என்று கேட்டேன். "எம்மேலதான்" என்றார். மார்கழி வந்துவிட்டது. தைக்கு ஏறப்போவதாக வெள்ளையன் சொல்லிவிட்டார். ஏறினால் விழுவார். ஏறாவிட்டாலும், அடுத்த புண் தெரியாமல் புரையோடினால் காலையே எடுக்க வேண்டி வரலாம். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் என் ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். வெள்ளையனின் கடைசித் தம்பி மனைவி, செல்லாயி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். முகத்தில் ஏதோ மனக்குறை தெரிந்தது.

"ஏனுங்க மாத்திரையம்மா, அந்தச் செவப்பு மாத்திரைய கொஞ்சம் சேத்திக் குடுங்க. இந்த மாசம் எங்க கூறுக்குக் கம்மியாத்தான் வந்துச்சு."

"என்ன கூறு?" என்றேன்.

"எங்க ஊட்டுக் கூறுங்க. மாமனாருக்குக் குடுத்தம், நல்லா நடக்கறாருங்க. சின்னவனுக்குப் பசி எடுக்குது. ஆனாப் பத்தலீங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த மலையில் பங்காளி வீடுகளுக்குள் எதையும் தனியாகத் தின்கிற வழக்கமே கிடையாது. கோயிலில் கிடாய் வெட்டினால் வாழையிலையில் சரிசமமாகக் கூறு போடுவார்கள். ஊரில் இல்லாதவன் வீட்டுக்கும் ஒரு கூறு போகும். மலைத்தேன் வந்தாலும் முதல் பலா பழுத்தாலும் அப்படித்தான். மாதாமாதம் நான் கொடுத்த சிவப்பு மாத்திரையையும் பாப்பாத்தி நான்காகக் கூறு போட்டு வாசல் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளையன் தன் கூறை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார்.

நான் கத்தினேன். அன்று போட்ட சத்தம் டீக்கடைக்கு மட்டுமல்ல, அதற்கு அப்பாலும் கேட்டிருக்கும். செல்லாயி அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். நான் எதிர்பார்த்தபடி கண்ணாடியைக் கழற்றவில்லை. மாறாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மாதக்கணக்கில் மனசில் தூக்கிச் சுமந்த பாரம் இறங்கிய சிரிப்பு அது. நோய் மீள முடியாதது அல்ல, மருந்தே போய்ச் சேரவில்லை. "நாளைக்கு நாலு ஊட்டுக்காரங்களும் வரணும்னு சொல்லும்மா. திட்டுறதுக்கு இல்ல" என்று செல்லாயியிடம் சொன்னார். ஊடு என்று அவர் அன்றுதான் முதல்முறை சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் நான்கு சகோதரர்களும் நான்கு மனைவிமாரும் வந்து நின்றார்கள். எனக்கு ஒரே பயம்தான்.

"பாப்பாத்தி, சக்கரை மாத்திரையையும் கூறு போட்டீங்களா?" என்று கேட்டேன். அதை மற்றவர்கள் தின்றிருந்தால் விபரீதம் ஆகியிருக்கும்.

பாப்பாத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சக்கரை மாத்திரைய யாராச்சும் கூறு போடுவாங்களா? அது சீக்குக்குக் குடுக்கறது, சீக்கு இருக்கறவருதான் திங்கோணும். இது சத்துன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. சத்தை ஒருத்தரு மட்டும் தின்னா மத்தவிங்க மொகத்துல எப்படி முழிக்கறதுங்க?"

 சத்து என்று சொன்னது நான்தான், அதில் தப்பும் இல்லை. அவர்கள் ஊர் நியாயத்தில் அவர்கள் செய்ததும் தப்பில்லை. இடையில் வெள்ளையனின் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

டாக்டர் எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்து, தான் முக்காலியில் உட்கார்ந்தார். எட்டுப் பேரும் குனிந்தார்கள். "மத்தவங்க சாப்பிட்டதால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா இது இவருக்கு வெறும் சத்து இல்ல. சர்க்கரை மாத்திரையால குறைஞ்சதை ஈடுகட்டுற மருந்து. கால் கூறு போட்டு மரக்கல, இவரு ஒருத்தருக்குத்தான் மரத்திருக்கு" என்றார். பிறகு, "இனி மாத்திரை கிடையாது, ஊசிதான். ஊசியைக் கூறு போட முடியாது. கூறு போட வேற ஒண்ணு தர்றேன். இவரை ஊசிக்கு யாரு என்னைக்குக் கூட்டிட்டு வர்றது, அன்னைக்கு இவரு வேலையை யாரு பாக்கிறது, அதைக் கூறு போடுங்க" என்றார்.

சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடாய்க்கறியைக் கூறு போடுகிற அதே நேர்த்தியோடு அங்கேயே முறை வைத்துக்கொண்டார்கள். கடைசித் தம்பி மாரி, "என்ற மொறை மொதல்ல வரட்டுங்க" என்றான். செல்லாயி அழுத பழி தீர வேண்டும் என்று நினைத்திருப்பான் போல. சொன்ன முறை தவறாமல் வண்டியில் அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பனியோ மழையோ, வெள்ளையன் இடுப்பில் ஊசி விழாத முறை ஒன்றுகூட இல்லை.

அந்தத் தையில் வெள்ளையன் மரம் ஏறவில்லை. தம்பிகள் ஏறினார்கள். அவர் கீழே நின்று, எந்தக் கணுவில் கால் வைக்க வேண்டும், எந்தக் கொடி பழுத்திருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாராம். "மாத்திரையம்மாவை விட சத்தமுங்க" என்று மாரி என்னிடம் வந்து சொன்னான். மரத்தடியில் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றார்.

சில வாரங்களில் ஒருநாள் பயந்துபோய் வந்தார். பாதத்தில் எறும்பு ஊர்கிறது, ராத்திரி தூங்க முடியவில்லை, ஊசியால் வந்த வினை என்றார். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. செத்துக் கிடந்த நரம்பு முழிக்கும்போது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்றார். இன்னும் கொஞ்ச நாளில் தள்ளாட்டம் குறைந்தது. நாக்கு ஆறியது. அப்போது வந்தது அடுத்த வம்பு. வெள்ளையன் சர்க்கரை மாத்திரை அட்டைகளை என் ஜன்னலில் வைத்துவிட்டார்.

"இதாலதானுங்க கால் போச்சு. ஊசியால திரும்பி வந்துருச்சு. அப்பறம் இது எதுக்குங்க?"

கத்த வாயெடுத்தேன். டாக்டர் என் பின்னால் நின்றிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஜன்னலுக்குக் குனிந்து, "அண்ணே, மிளகுக்கொடி வாடுனா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"எரு போடுவமுங்க."

"கொடி தழைச்சிருச்சுன்னு மரத்தை வெட்டிருவீங்களா?"

வெள்ளையன் கொஞ்சம் யோசித்தார். "மரமில்லாம கொடி எங்கீங்க நிக்கும்?" என்றார். அட்டைகளைத் தானே எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். நந்தினி, உன் பெரக்கரை நாட்டு விவசாயியிடம் நீ சொல்ல வேண்டியது இதுதான். வைட்டமின் தேவையா என்று டாக்டர் ரத்தம் பார்த்துச் சொல்லட்டும். தேவைப்பட்டால் அது மாத்திரையோடு கூட, மாத்திரைக்குப் பதிலாக அல்ல. அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் மரத்தை வெட்டச் சொல்கிறார். மிளகு பறிக்கிற மனிதருக்கு இது புரியாமல் போகாது.

பிறகு, அடுத்த தையில் வெள்ளையன் மரம் ஏறினார். உச்சிக்கு இல்லை, டாக்டர் அனுமதித்த பாதி மரத்துக்கு. சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் மரப்பு கடைசிவரை போகவில்லை. அவர் ஏறிய அன்று நான் அங்கே இல்லை. நான் பார்த்தது அதற்கு முந்தைய ஆடியில் ஒருநாள். இத்தனை வருஷ வேலையில் எனக்குச் சம்பளம் கொடுத்தது அந்த நாள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நிலையத்துக்கு வரும் பாதையில் தார் போடுவதற்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள். வெள்ளையன் அன்று ஊசிக்கு வந்தார். மாரி கூட்டிவந்து விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனான். ஊசி போட்டாயிற்று, மாத்திரை வாங்கியாயிற்று, மேலே சொல்ல ஏதோ இருப்பது போல ஜன்னலிலேயே நின்றார்.

"என்ன வெள்ளையண்ணே?"

"ரோட்டுல இப்படிக் கல்லைக் கொட்டி வெச்சிருக்கறாங்களே, நடக்க முடியலீங்க. காலெல்லாம் குத்துது."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. ரோடு போடுகிறவர்களை நாலு வார்த்தை திட்டப் போனேன். பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. உள்ளே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே" என்றார் டாக்டர்.

"கல்லு குத்துதுங்க."

"எங்க குத்துது?"

"குதிகாலுலீங்க. பெருவெரல்லீங்க. அடியெல்லாந்தானுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். "செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?" என்று கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வெள்ளையன் திட்டு வாங்கிய பிள்ளை போலச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டினார். டாக்டர் உள்ளே போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஜல்லிக்குவியலின் ஓரத்தில் ஏறி நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் அழுத்தி அழுத்தி வைத்தார். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தார், உடனே சிரித்தார். தள்ளாடவில்லை.

செருப்பைப் போடச் சொல்லிக் கத்துவதற்காக எழுந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கத்தாமல் திரும்ப உட்கார்ந்து, வரிசையில் அடுத்து நின்றவரை வரச் சொன்னேன்.